பேத்திக்குக் கட்டில் செய்யத் திருவொற்றியூர் போனேன்!

கொடைக்கானலில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகிறது. குப்புறக் கவிழ்ந்து, நீந்தி, இப்போது தவழவும் ஆரம்பித்துவிட்டாள் என் பேத்தி. "அம்மா, இங்கே தரை ஐஸ் மாதிரி சில்லிடுது. கீழே விடவே பயமா இருக்கு. நாலு பக்கமும் கம்பி வெச்ச மரக்கட்டில் ஒண்ணு இருந்தா எனக்குக் கொஞ்சம் கை ஒழியும்" என்று மகள் போனில் சொன்னாள். பெற்ற மனம் கேட்குமா? அன்றே குரோம்பேட்டைக் கடைவீதியில் போய் விலை கேட்டேன். கேட்ட விலையில் எனக்குத் தலை சுற்றியது. என் கணவரோ, "அந்தக் காலத்தில் உன்னைத் தூளியில்தானே போட்டு வளர்த்தார்கள்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அப்போதுதான் திருவொற்றியூரில் இருக்கும் என் அண்ணன் கை கொடுத்தார். "எதுக்கும்மா கடையில வாங்கணும்? கப்பல்ல மெஷின் வர்ற பெட்டியெல்லாம் இங்க பிரிச்சு விக்கிறாங்க. நல்ல பைன் கட்டை. நம்ம ஆசாரிகிட்டச் சொல்லி அருமையா ஒரு கட்டில் செஞ்சு, கொடைக்கானல் லாரியில ஏத்திவிட்டுடலாம்" என்றார். ஆசாரிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம், அப்படியே வடிவுடையம்மனையும் தரிசித்து வரலாம் என்று போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தேன். 2021-ல் இருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆனாலும் எனக்கு இந்தப் பழைய மின்சார ரயில்தான் பிடிக்கும். காசும் குறைவு, வேடிக்கையும் அதிகம். அடுத்த ஸ்டேஷனே ராயபுரம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் இதுதான். தூண் வைத்த அந்தப் பழைய கட்டிடத்தைப் பார்க்கும்போதெல்லாம், 'அன்று இங்கே வண்டி ஏறிய பெண்கள் எப்படிப் பயந்திருப்பார்களோ!' என்று நினைத்துக்கொள்வேன்.

ராயபுரம் தாண்டியதும் காற்று மாறிவிடும். காசிமேட்டு மீன் வாசனை, அதற்கு மேல் எண்ணெய் வாசனை, அதற்கும் மேல் கரித்தூள். கூடையோடு ஏறிய மீன்காரம்மா எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, "உக்காரும்மா, துணியில படாது" என்றாள். வெளியே சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, கல்யாணப் பந்தியில் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தன. ஒரு பக்கம் 1881-ல் உருவான சென்னைத் துறைமுகம். மறு பக்கம் 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம். அதற்கு 2014-ல் காமராஜர் பெயரை வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் உலகம் முழுவதும் இருந்து வந்த பெட்டிகள். அந்தப் பெட்டிகளோடு வந்திருக்கக்கூடிய ஒரு விருந்தாளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ரயிலில் போகும்போது எனக்கு அது தெரியாது.

அண்ணன் வீட்டில் காபி குடித்துவிட்டு, அண்ணன் மகள் செல்வியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கட்டைத் தொட்டிக்குப் போனேன். செல்வி கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்தவள். ஏற்றுமதிச் சரக்குகளில் பூச்சி புழு இல்லாமல் மருந்துப் புகை போடும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். 'படித்த பெண், மரத்தைப் பார்த்துச் சொல்லுவாள்' என்பதற்காக அல்ல, பேச்சுத்துணைக்குத்தான் கூப்பிட்டேன். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பின்னால்தான் தெரிந்தது.

தொட்டி என்றால் பெரிய மைதானம். ஒரு பக்கம் ஆளுயரப் பெட்டிகள், மறு பக்கம் சரக்கை மேலே வைத்துத் தூக்குகிற 'பேலட்' என்னும் மரத் தட்டுகள். நடுவில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து கடப்பாறையாலும் சுத்தியாலும் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய ஆணி ஒரு டப்பாவில் சேருகிறது. அது தனியாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகிறதாம். ஒரு அம்மாவின் உள்ளங்கை முழுக்கத் தழும்பு. "ஆணி குத்தினா ஊசி போட்டுக்கறீங்களா?" என்று கேட்டேன். "முதல்ல போட்டுக்கினேன். இப்ப ஆணியே என்னைப் பாத்துப் பயப்படுது" என்று சிரித்தாள். நம் வீட்டு அலமாரிக்குப் பின்னால் எத்தனை பேர் கை இருக்கிறது பாருங்கள்!

ஆசாரி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கட்டிலுக்குக் கால் நான்கும் தயார். பக்கப் பலகைகள் இழைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். வெண்ணெய் நிறம், நடுநடுவே கண் கண்ணாக முடிச்சு, மூக்கருகே கொண்டு போனால் கற்பூரம் மாதிரி லேசான மணம். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இன்னும் இழைக்காத இரண்டு பலகைகளை ஆசாரி எடுத்துக் காட்டினார். அதைச் செல்வி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அத்தை, இதுல முத்திரை இல்லையே?"

"என்ன முத்திரை? அக்மார்க்கா?" என்றேன்.

அவள் பக்கத்தில் கிடந்த ஒரு பேலட்டைக் காட்டினாள். அதன் கட்டையில் சூடு போட்ட மாதிரி ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு கோதுமைக் கதிர் படம், எந்த நாடு என்று காட்ட இரண்டு எழுத்து, மருந்து போட்டவரின் எண், கடைசியில் 'எச்.டி.' என்று இரண்டு எழுத்து. இன்னொன்றில் அதே கதிர், ஆனால் கடைசியில் 'எம்.பி.' என்று இருந்தது. என் பேத்தியின் கட்டில் பலகையில் ஒன்றுமே இல்லை. அதோடு ஓர் ஓரத்தில், பேனா நுழைகிற அளவுக்கு உருண்டையாக மூன்று ஓட்டைகள். தட்டினால் நார் நாராக மரத்தூள் கொட்டியது.

"இது பைன் கட்டை. பட்டைகூட முழுசா உரிக்கலை. உள்ளே வண்டு இருந்திருக்கு, இல்லேன்னா இன்னும் இருக்கு. இதைக் கொடைக்கானலுக்கு மட்டும் அனுப்பாதீங்க அத்தை!" என்றாள் செல்வி, ஒரே பிடிவாதமாக.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓட்டை விழாத கட்டை எது? அடைத்து வார்னிஷ் அடித்தால் தீர்ந்தது. ஆசாரிக்கும் வருத்தம். "இன்னாம்மா இப்டி சொல்லிட்டீங்க! இதே கட்டையில எத்தினி வூட்டுக்குக் கட்டில் போட்டிருக்கேன்!" என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "வாங்க அத்தை, கோயிலுக்குப் போய்ட்டே சொல்றேன்" என்று என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள் செல்வி.

கோயிலில் தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் தரிசித்துவிட்டு மகிழ மரத்தடியில் உட்கார்ந்தோம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ததாகச் சொல்லுவது இந்த மகிழடியில்தான். மாசி மாதத் திருவிழாவில் மகிழடி சேவை என்று அதற்கு ஒரு நாளே உண்டு. அந்த நிழலில் உட்கார்ந்து செல்வி சொன்ன கதையை, எனக்குப் புரிந்த வரையில் உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நூற்புழு என்று ஓர் இனம் உண்டு. நூலிழை மாதிரி மெல்லியது. குழந்தைகள் வயிற்றில் வருகிற கொக்கிப்புழு, நாக்குப்பூச்சி எல்லாம் இதன் தூரத்துச் சொந்தங்கள்தான். மண்ணிலும் செடியிலும் வாழ்கிற வகைகள் ஏராளம். அவற்றில் பைன் மரத்துக்கு எமனாக ஒன்று இருக்கிறது. நீளம் ஒரு மில்லிமீட்டர்தான், பெரும்பாலும் அதுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது. நல்ல வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்து அடுத்த முட்டை இடுவதற்கு நாலைந்து நாள் போதும். ஒரு மரத்துக்குள் கொஞ்சம் புகுந்தால் சில வாரங்களில் லட்சக்கணக்கில் பெருகிவிடும்.

"அப்போ பலகையிலேர்ந்து ஊர்ந்து போய் மரத்துல ஏறிடுமா?" என்று கேட்டேன்.

"ஏறாது அத்தை. அதுக்குக் கால் கிடையாது, சவாரிக்கு ஆள் வேணும். அந்த ஆள்தான் வண்டு" என்றாள்.

உடம்பைவிட நீளமான மீசை உள்ள ஒரு வண்டு இருக்கிறதாம். காய்ந்துகொண்டிருக்கும் பைன் மரத்தில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு கட்டையைக் குடைந்து உள்ளேயே வளர்ந்து கூட்டுப்புழுவாகத் தூங்கும். அந்த மரத்தில் நூற்புழு இருந்தால், அது வண்டு தூங்குகிற அறையைச் சுற்றி வந்து காத்துக் கிடக்கும். வண்டு இறக்கை முளைத்து வெளியே வருவதற்கு முன்னால், அதன் மூச்சுக் குழாய்களுக்குள் ஆயிரக்கணக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வண்டு பறந்து போய் ஒரு நல்ல பைன் மரத்தின் இளங்கிளையைக் கடித்துத் தின்னும். அந்தக் காயம் வழியாக நூற்புழு மரத்துக்குள் இறங்கிவிடும்.

உள்ளே போனதும் பிசின் ஓடுகிற குழாய்களில் புகுந்து சுற்றியுள்ள உயிருள்ள பாகத்தைத் தின்னும். மரத்துக்குப் பிசின் நின்றுபோகும். வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுவது தடைப்படும். பச்சையாக இருந்த ஊசி இலைகள் மஞ்சளித்து, பிறகு செங்கல் நிறமாகி, இரண்டு மூன்று மாதத்தில் அறுபது எழுபது வருஷத்து மரம் நின்ற நிலையிலேயே செத்துவிடும். செத்துக்கொண்டிருக்கும் மரத்தின் வாசனைக்கு மறுபடியும் வண்டு வரும், முட்டை இடும். அதன் குஞ்சுகள் மறுபடியும் நூற்புழுவைச் சுமந்துகொண்டு கிளம்பும். இப்படிச் சங்கிலி தொடரும்.

இது கதையல்ல, நடந்தது. இந்தப் புழுவுக்குத் தாய் வீடு வட அமெரிக்கா. அங்குள்ள பைன் மரங்கள் அதோடு பழகிவிட்டன, அதிகம் சாவதில்லை. ஆனால் மரத்தோடு மரமாகக் கப்பலேறி அது வெளிநாடு போயிற்று. ஜப்பானில் நாகசாகி என்ற துறைமுகப் பட்டணத்தில் 1905-ல் பைன் மரங்கள் காரணம் தெரியாமல் செத்ததுதான் முதல் தகவல். வண்டுதான் கொல்லுகிறது என்று வெகு காலம் நினைத்திருந்தார்கள். வண்டுக்குள் ஒளிந்திருக்கும் நூற்புழுதான் கொலையாளி என்று கண்டுபிடித்தது 1971-ல்! அதற்குள் காடு காடாகப் போய்விட்டது. 1979 என்ற ஒரே ஆண்டில் ஜப்பானில் செத்த பைன் மரம் சுமார் 24 லட்சம் கன மீட்டர். நமக்கு வாசலில் மாவிலைத் தோரணம் போல அவர்களுக்குப் புத்தாண்டன்று வாசலில் பைன் கிளை வைத்தாக வேண்டும். அந்த மரத்துக்கே இந்தக் கதி.

பிறகு 1982-ல் சீனாவில் நான்ஜிங் நகரம், 1988-ல் கொரியாவில் பூசான் துறைமுகம், 1999-ல் போர்ச்சுகல் என்று ஒவ்வொரு நாடாகப் போயிற்று. பல இடத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் முதலில் தலைகாட்டியது. 1984-ல் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பின்லாந்துக்கு வந்த மரச் சில்லுகளில் இந்தப் புழு அகப்பட்டதும், ஐரோப்பிய நாடுகள் விழித்துக்கொண்டன. கடைசியில் 2002-ல் உலக நாடுகள் சேர்ந்து ஒரு விதி எழுதின. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் மரப்பெட்டி, மரத் தட்டு எல்லாவற்றையும், நடுக்கட்டை வரை 56 டிகிரி சூடு ஏறி அரை மணி நேரம் விடாமல் இருக்கும்படி சூடாக்க வேண்டும். அல்லது மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் அடைத்து வைக்க வேண்டும். அதற்கு அடையாளம்தான் அந்தக் கோதுமைக் கதிர் முத்திரை. எச்.டி. என்றால் சூடு போட்டது. எம்.பி. என்றால் வாயு போட்டது.

"56 டிகிரிதானா? பால் காய்ச்சற சூடுகூட இல்லையே!" என்றேன்.

"அவ்வளவுதான் அத்தை. அந்த அரை மணி நேரச் சோம்பேறித்தனத்துலதான் காடே போகுது" என்றாள் செல்வி.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1914-லேயே நாசப்பூச்சித் தடுப்புச் சட்டம் போட்டார்கள். அதன் கீழ் 2003-ல் தாவர குவாரன்டைன் ஆணை வந்தது. முத்திரை இல்லாத மரப்பெட்டியோடு சரக்கு வந்தால், மருந்து போட்ட பிறகுதான் வெளியே விட வேண்டும். சென்னையில் மீனம்பாக்கத்தில் அதற்கென்று மண்டல நிலையம் இருக்கிறது. இந்தப் புழு இந்தியக் காடுகளில் குடியேறிவிட்டதாக இதுவரை செய்தி இல்லை. ஆனால் இமயமலை அடிவாரம் முழுக்கப் பைன் காடு. அந்த மீசை வண்டின் உறவுக்கார வண்டுகளும் நம் நாட்டில் உண்டு. கொடைக்கானலில் பில்லர் ராக்ஸ் போகும் வழியில் வெயிலே படாமல் நிற்கும் பைன் காட்டைப் பார்த்திருப்பீர்கள். என் மகள் வீட்டுக் கொல்லையிலேயே நாலு பைன் மரம் நிற்கிறது.

"கொடைக்கானல் குளிர்ல அது அவ்வளவா ஆட்டம் போடாது. கோடை சூடா இருக்கிற இடத்துலதான் மரத்தைச் சட்டுன்னு சாகடிக்கும். அதுக்காக நாமே வண்டியில ஏத்தி வீட்டு வாசல்ல இறக்கி வைக்கணுமா?" என்றாள் செல்வி. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"ஊட்டி உருளைக்கிழங்கு நினைவிருக்கா அத்தை?" என்று அவளே தொடர்ந்தாள். 1961-ல் ஊட்டிப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி, வேரில் கடுகைவிடச் சின்னதாய் மணி மணியாக ஒட்டியிருந்ததைக் கண்டார். அது உருளைக்கிழங்கைத் தாக்கும் வேறொரு நூற்புழு. வெளிநாட்டு விதைக்கிழங்கோடு வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். அந்த மணிக்குள் முட்டைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளியே கொண்டுபோகத் தடை போட்டார்கள். பயிரை மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள், மருந்து போட்டுப் பார்த்தார்கள், தாங்கும் ரகங்களை வளர்த்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கட்டுப்படுத்த முடிந்ததே தவிர, அடியோடு ஒழிக்க முடியவில்லை. மலைக்கு ஒரு முறை வந்துவிட்டால் போகாது என்பதற்கு நம் வீட்டு உருளைக்கிழங்கே சாட்சி!

மகிழ மரத்தின் இலைகள் காற்றில் சலசலத்தன. எனக்குக் கோபம் போய், வேறு ஒரு பயம் வந்துவிட்டது. "செல்வி, குழந்தைக்கு? கம்பியைக் கடிக்கிற வயசாச்சே!" என்றேன்.

"நூற்புழுவால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. இது மரத்துக்கு மட்டும்தான் எதிரி" என்று தைரியம் சொன்னாள். ஆனால் வேறு இரண்டு விஷயம் சொன்னாள். எம்.பி. என்று போட்ட கட்டையில் பயன்படுத்திய மெத்தில் புரோமைடு மனிதருக்குக் கொடிய விஷம், ஓசோன் படலத்துக்கும் கெடுதல். காற்றோட்டத்தில் அது வெளியேறிவிடும் என்றாலும், பல் முளைக்கும் குழந்தை கடிக்கிற சாமானுக்கு அந்தக் கட்டை வேண்டாம். இன்னொன்று, பேலட் மேல் எந்தச் சரக்கு வந்தது, பூச்சிமருந்தா, சாயமா, எது கொட்டியது என்று நமக்குத் தெரியாது. முத்திரை இருந்த பக்கத்தை இழைத்துவிட்டால் எது எச்.டி., எது எம்.பி. என்று ஆசாரிக்கே தெரியாது.

அப்படியானால் இழைத்து வைத்த பலகைகளின் கதி? அதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தொட்டிக்குத் திரும்பி ஆசாரியிடம் நயமாக எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்தக் கதிர் படத்தைத் தெனமும் பாக்கறேன். கம்பெனி மார்க்குனு நெனச்சேன். ஒருத்தரும் சொல்லலையேம்மா" என்றார். ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களும் சுற்றி வந்து நின்று கேட்டார்கள். உள்ளங்கைத் தழும்புக்கார அம்மா ஒரு கட்டையைத் தூக்கி, "இது எம்.பி.யா பாருங்கம்மா. நான் இதைத்தான் அடுப்புக்கு எடுத்துக்கினு போறேன்" என்றாள். பார்த்தேன். எம்.பி.தான். எனக்குப் பகீரென்றது. மருந்து போட்ட கட்டையையும் சாயம் பூசிய கட்டையையும் வீட்டுக்குள் எரிக்காதே, புகை குழந்தைகளுக்கு ஆகாது என்று சொன்னேன். "கேஸ் தீர்ந்தா இன்னா பண்றது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "எச்.டி. போட்டதா பார்த்து, வாசல்ல வெச்சு எரி" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

ஓட்டை விழுந்த இரண்டு பலகைகளையும் செல்வி தடிமனான பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டினாள். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் தன் தோழியிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன், புழு இருந்தால் மீனம்பாக்கத்துக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்றாள். எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டேன். நாம் முளைகட்டப் பயறை மூட்டை கட்டுவது போல, மரச் சீவலைத் துணியில் கட்டிப் புனலில் தண்ணீர் ஊற்றி முழுக வைப்பார்களாம். நூற்புழு இருந்தால் ஒரு நாளில் நீந்தி வெளியே வந்து புனலின் அடியில் சேர்ந்துவிடும். அந்தத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். சமையலறை வித்தை போலவே இருக்கிறதல்லவா?

மறு வாரம் செல்வி போன் செய்தாள். நூற்புழு இல்லை. ஓட்டை போட்டது நம் ஊரிலேயே கட்டையைத் துளைக்கிற சாதாரண வண்டுதான். "அப்போ பயந்தது வீண்தானே?" என்று என் கணவர் கேட்டார். "ராத்திரி கதவைத் தாழ் போடறோம். திருடன் வரலைன்னா தாழ் போட்டது வீணா?" என்றேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

இழைத்த பலகைகளும் கட்டில் கால்களும் அண்ணன் வீட்டுத் திண்ணையில் செருப்பு வைக்கும் ஸ்டாண்டாக மாறி உட்கார்ந்திருக்கின்றன. திருவொற்றியூரில் பைன் மரம் ஏது? முன்பணம் அதற்குக் கூலியாயிற்று. "நாத்தனார் புண்ணியத்தில் எனக்கு ஒரு ஸ்டாண்டு" என்று அண்ணிக்குச் சந்தோஷம். கொடைக்கானலில் சில்வர் ஓக் மரத்தில் அங்குள்ள ஆசாரியிடமே கட்டிலுக்குச் சொல்லிவிட்டாள் மகள். லாரிச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் அதிகமில்லை. கட்டில் வருகிற வரைக்கும், என் பழைய சுங்குடிச் சேலையில் கட்டிய தூளியில் பேத்தி ஆடிக்கொண்டிருக்கிறாள். என் கணவர் சொன்னது கடைசியில் பலித்துவிட்டது!

சகோதரிகளே, பேக்கிங் கட்டையில் செய்த அலமாரி, நாற்காலி இப்போது எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. வாங்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் இழைப்பதற்கு முன்பே போய் அந்தக் கதிர் முத்திரையைத் தேடுங்கள். எச்.டி. என்றால் வாங்குங்கள். எம்.பி. என்றால் குழந்தைக்கும் சமையலறைக்கும் வேண்டாம். முத்திரையே இல்லாமல், ஓட்டையும் தூளுமாக இருந்தால் தொடாதீர்கள். முக்கியமாக, ஊட்டி, கொடைக்கானல், இமயமலைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அந்த மாதிரிக் கட்டையை அன்பளிப்பாகக்கூட அனுப்பிவிடாதீர்கள்.

திரும்பும்போது ரயில் ராயபுரத்தில் நின்றது. கன்டெய்னர் லாரிகள் அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தன. காலையில் வேடிக்கை பார்த்த நான், இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் கதிர் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். கொடைக்கானல் கொல்லையில் நிற்கும் அந்த நாலு மரத்தடியில் என் பேத்தி ஓடி விளையாடுவாள். அதுவரை அவை பச்சையாக நிற்க வேண்டுமே!